ஐப்பசி மழையும் கடலடி வண்டலும்: வடகிழக்குப் பருவமழையின் பழங்கணக்கைத் தேடிய ஆய்வுகள் குறித்து

1. இரண்டு மழை, ஓர் ஆயக்கட்டு

மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டாரத்து நெல் வயல் இரண்டு வானங்களை நம்பி இருக்கிறது. ஆனி மாதத்தில் நாற்றங்கால் போட நினைக்கும் விவசாயி தலைக்கு மேல் உள்ள வானத்தைப் பார்ப்பதில்லை. தேக்கடிப் பக்கம் மழை பிடித்துவிட்டதா, முல்லைப் பெரியாற்றில் எத்தனை அடி, வைகை அணையில் எத்தனை அடி என்றுதான் விசாரிப்பார். ஊருக்கு மேற்கே வைகையின் குறுக்கே பேரணை இருக்கிறது. அங்கே ஷட்டரைத் தூக்கினால் பெரியாறு பிரதான கால்வாயில் தண்ணீர் இறங்கும். பேரணை முதல் கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோக ஆயக்கட்டுக்கு முதல்போகம் அந்தத் தண்ணீரில்தான். அதாவது, அரபிக்கடலிலிருந்து கிளம்பி மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய தென்மேற்குப் பருவமழை, சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, சமவெளிக்கு வருகிறது.

ஐப்பசி பிறந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது சிறுமலை அடிவாரத்து ஓடைகளும் ஊர்க் கண்மாய்களும் வங்கக்கடலை நோக்கிக் காத்திருக்கும். 1895இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்படுவதற்கு முன், இந்தச் சமவெளிக் கண்மாய்களுக்குத் தங்கள் மேல் பெய்யும் மழையும் வைகை கொண்டுவந்த வெள்ளமும் மட்டுமே இருந்தன. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை இன்றும் வடகிழக்குப் பருவமழையே தருகிறது. இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்கை நம்பி வாழ, இந்த மூலை மட்டும் எதிர்த்திசைக் காற்றை நம்பி ஏரியும் கண்மாயும் வெட்டி வைத்தது.

அந்த இரண்டாவது மழைக்கு வரலாறு என்ன? கடந்த 20,000 ஆண்டுகளில் அது வலுத்த காலம் எது, மெலிந்த காலம் எது? மழைமானிப் பதிவுகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குமேல் பின்னே போவதில்லை. கல்வெட்டுகளும் இலக்கியமும் இரண்டாயிரம் ஆண்டு அளவில் நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் சாட்சி சொல்லக்கூடியவற்றில் முதன்மையானது கடலடி வண்டல். அந்தச் சாட்சியம் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி உண்மையில் எவ்வளவு சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு மையமாக ஒரு விஞ்ஞானியின் ஆய்வு வாழ்க்கை எடுத்துக்கொள்ளப்படுகிறது: 2018 ஏப்ரலில் மறைந்த ரெங்கசாமி ரமேஷ்.

2. வண்டலை வாசிக்கும் முறை

ஆழ்கடலின் தரையில் சேறு மிக மெதுவாகப் படிகிறது. கரையிலிருந்து விலகிய பல இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவுதான். கனத்த எடை பூட்டிய நீண்ட குழாயை ஆய்வுக் கப்பலிலிருந்து இறக்கி, அது தன் பாரத்தாலேயே சேற்றுக்குள் குத்தி நிற்கும்படி செய்து, உள்ளே அகப்பட்ட மண்தூணை மேலே இழுக்கிறார்கள். இந்தியாவில் இந்த வேலை முறையாக வேர்பிடித்தது 1960களில். பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் தொடர்ச்சியாக 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் அமைந்தது. 1983இல் ‘சாகர் கன்யா’ ஆய்வுக் கப்பல் வந்தபின், நம் கடல்களின் சேற்றை நம்மவர்களே ஆழத்திலிருந்து எடுத்து ஆராய்வது வழக்கமாயிற்று.

மேலே வந்த மண்தூணைச் சென்டிமீட்டர் கணக்கில் வெட்டி, ஒவ்வொரு வில்லையையும் நுண்சல்லடையில் நீர் விட்டு அலசுவார்கள். களி கழுவிப் போய்விடும். சல்லடையில் தங்குவது வெள்ளை மணல்போல் தெரியும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அது மணல் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சுண்ணாம்புக் கூடு, அறைக்குள் அறையாக வளர்ந்தது, மேலெல்லாம் துளைகள். ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒற்றைச் செல் உயிரிகளின் கூடு அது. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. சில மயிர்களே உள்ள தூரிகையின் நுனியை ஈரப்படுத்தி, ‘குளோபிஜெரினாய்டஸ் ரூபர்’ என்ற இனத்தின் கூடுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்துச் சேர்க்க வேண்டும். அந்த இனம் கடலின் மேற்பரப்பில் வாழ்வது. அதன் கூட்டில் மேற்பரப்பு நீரின் குணம் பதிந்திருக்கும். ஒரு மண்தூணுக்கு இப்படி நூற்றுக்கணக்கான வில்லைகள். கடலடி ஆய்வில் ஒரு வரைபடத்தைப் பார்க்கும் வாசகர், அதன் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் இந்தக் கண்வலியும் கைப்பொறுமையும் இருப்பதை நினைக்க வேண்டும்.

பிறகு அமிலத்தில் கூட்டைக் கரைத்து, வெளிவரும் கரியமில வாயுவில் கனத்த ஆக்சிஜனுக்கும் லேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். 1955இல் செசாரே எமிலியானி இந்த வழியைக் கடலடி மண்ணுக்குக் கொண்டுவந்தார். அளவு ஒன்றுதான் என்றாலும் அதில் மூன்று குரல்கள் கலந்து ஒலிக்கின்றன. பனியுகத்தில் லேசான ஆக்சிஜன் கொண்ட நீர் துருவப் பனிப்பாறைகளில் அடைபட்டதால், உலகக் கடல்நீர் முழுவதும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கனத்தது. இது முதல் குரல். கடல்நீர் ஒரு பாகை குளிர்ந்தால் விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 0.2 கூடும். இது இரண்டாவது. மழைநீரும் ஆற்றுநீரும் லேசான ஆக்சிஜனைச் சுமந்து வருவதால், நன்னீர் கலந்த கடலில் விகிதம் குறையும். இது மூன்றாவது. பருவமழையைத் தேடுபவருக்கு வேண்டியது மூன்றாவது குரல் மட்டுமே. மற்ற இரண்டையும் கழித்துப் பார்க்கும் கலையே இத்துறையின் பாதி உழைப்பு.

3. மரத்திலிருந்து கடலுக்கு

ரமேஷ் கடலில் தொடங்கியவர் அல்லர். அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் அவருடைய தொடக்க காலப் பணி மரங்களின் ஆண்டு வளையங்களில் உள்ள ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் கனத்த, லேசான வகைகளைப் பற்றியது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு மரங்களைக் குறித்து அவரும் எஸ்.கே. பட்டாச்சார்யா, கே. கோபாலன் ஆகியோரும் எழுதிய கட்டுரை 1985இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அங்கிருந்து கடலடி மண்ணுக்கும், நீலகிரியின் கரிச்சேற்றுக்கும், கர்நாடகக் குகையில் சொட்டிச் சொட்டி வளர்ந்த சுண்ணாம்புத் தூணுக்கும் அவர் ஆய்வு விரிந்தது. பொருள்கள் வேறு வேறாக இருந்தாலும் கேள்வி மாறவில்லை: இந்த நிலத்தில் முன்பு மழை எப்படிப் பெய்தது? 1998இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் (ஐ.பி.சி.சி.) நான்காம், ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைகளில் தொல்காலநிலை அத்தியாயத்தின் ஆசிரியர் குழுவில் இருந்தார்.

நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது 1990இல் ‘நேச்சர்’ வெளியிட்ட கட்டுரை. ஏ. சர்க்கார், ஆர். ரமேஷ், எஸ்.கே. பட்டாச்சார்யா, ஜி. ராஜகோபாலன் ஆகிய நால்வர் எழுதியது. கடந்த பனியுகத்தில் குளிர்காலப் பருவக்காற்று நீரோட்டம் இன்றையதைவிட வலுவாக இருந்தது என்பது அதன் துணிபு. கிழக்கு அரபிக்கடலின் சேற்றிலிருந்து எடுத்த கூடுகளின் ஆக்சிஜன் விகிதமே சான்று.

இந்த நீரோட்டத்தைப் புரிந்துகொள்ள வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி வாக்கில் காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும்போது, வங்கக்கடலின் உப்புக் குறைந்த மேல்நீர் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். இலங்கையைச் சுற்றிக்கொண்டு கேரளக் கரைப்பக்கம் அரபிக்கடலுக்குள் நுழையும். அந்த நீர் எவ்வளவு தூரம் போயிற்று என்பதன் தடயத்தை அரபிக்கடல் சேற்றில் தேடலாம். வடகிழக்குக் காற்று வலுத்தால் அதிக நீர் தள்ளப்படும். வாதத்தின் எலும்புக்கூடு இதுதான்.

அக்காலத்தில் கடலடி ஆய்வுலகம் முழுக்கத் தென்மேற்குப் பருவக்காற்றின் மீதே கண்ணாக இருந்தது. ஓமான் கரையோரம் கோடைக்காற்று கிளப்பும் ஆழ்நீரின் தடயங்களைத் தேடியவர்களே அதிகம். அந்தச் சூழலில் குளிர்காலக் காற்றுக்கென ஒரு தனி வரலாறு உண்டு, அது கோடைக்காற்றின் நிழல் அல்ல என்று சொன்னதே அந்த 1990ஆம் ஆண்டுக் கட்டுரையின் பெருமை. 2005இல் மனீஷ் திவாரி, ரமேஷ், பி.எல்.கே. சோமயாஜுலு முதலியோர் இதைத் தொடர்ந்து, பனியுகம் விலகத் தொடங்கிய 19,000 முதல் 17,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்ததாக வாதிட்டனர்.

4. காற்று வலுத்தால் மழை வலுக்குமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். பனியுகத்தில் வடகிழக்குப் பருவக்காற்று வலுவாக இருந்தது என்பதைப் படிக்கும் தமிழ் வாசகர், அப்படியானால் இங்கே ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டியிருக்கும் என்று எண்ணிவிடக்கூடும். அப்படி எண்ணுவதற்குச் சான்று போதவில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. காரணங்கள் மூன்று. மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல.

முதலாவது, அரபிக்கடலுக்குள் போகும் அந்த உப்புக் குறைந்த நீர் யாருடைய நீர்? கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி ஆகியவை கோடையில் கொண்டுவந்து கொட்டிய நீர் அது. அதாவது தென்மேற்குப் பருவமழை தந்த நன்னீரை வடகிழக்குக் காற்று எடுத்துச் செல்கிறது. வாடிப்பட்டி வயலில் இரண்டு மழையும் கலப்பதுபோலவே அந்தச் சேற்றிலும் இரண்டு பருவங்களும் கலந்து கிடக்கின்றன. பனியுகத்தில் கோடை மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, மெலிந்து வங்கக்கடலின் உப்பு கூடியிருந்தது என்பதை 1981, 1982ஆம் ஆண்டுகளிலேயே கல்லன், டுப்லெஸி ஆகியோரின் ஆய்வுகள் காட்டிவிட்டன. அப்படியானால் எடுத்துச் செல்ல நன்னீரே குறைவாக இருந்த காலத்தில், தடயம் வலுவாகத் தெரிவது எப்படி? வங்கக்கடல் உப்பேறியிருந்தாலும் அரபிக்கடலைவிட உப்புக் குறைந்தே இருந்திருக்கும், காற்றின் வலிமை அந்தக் குறையை ஈடுகட்டியது என்று கொள்ளலாம். இது இயலக்கூடிய விளக்கம்தான். ஆனால் அந்த விளக்கத்தை ஏற்றாலும் நமக்குக் கிடைப்பது காற்றின் வரலாறு. மழையின் வரலாறு அல்ல.

காற்றும் மழையும் ஒன்றல்ல என்பதைத் தமிழகக் கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் வாடை அடித்துக்கொண்டேதான் இருக்கும். மழை இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்குக் காற்று மட்டும் போதாது. வெதுவெதுப்பான வங்கக்கடல் வேண்டும், அதில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் வேண்டும். பனியுகத்தில் கடல் குளிர்ந்திருந்தது.

இரண்டாவது காரணம் மலையிலிருந்து வருகிறது. 1993இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரியின் சதுப்புக் கரிச்சேற்றை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினர். யானைகளைப் பற்றிய ஆய்வுக்காக உலகம் அறிந்த அதே சுகுமார். மரங்களும் குளிர்நிலப் புற்களும் கார்பனை உள்வாங்கும் முறை ஒன்று. வறட்சியைத் தாங்கும் வெப்பநிலப் புற்களின் முறை வேறு. அந்த வேறுபாடு கரிச்சேற்றின் கார்பன் ஐசோடோப்புகளில் பதிந்திருக்கிறது. பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டிருந்தது, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை செழித்தது, பிறகு மீண்டும் ஒரு வறண்ட காலம் வந்தது என்று அவர்கள் கண்டனர்.

நீலகிரி இரண்டு பருவமழைகளையும் பெறும் மலை. பனியுகத்தில் வடகிழக்குப் பருவமழை உண்மையிலேயே பெருகியிருந்தால், கோடை மழையின் குறையை அது ஓரளவாவது ஈடுசெய்திருக்க வேண்டும். கரிச்சேறு காட்டுவது வறட்சியை. இரண்டு கட்டுரைகளிலும் ரமேஷின் பெயரும் ராஜகோபாலனின் பெயரும் இருக்கின்றன. கடல் சொன்னதையும் மலை சொன்னதையும் அவர்கள் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைக்கவில்லை, இரண்டையும் அச்சில் வைத்தார்கள். காற்று வலுத்தும் மழை பெருகாத ஒரு குளிர்காலத்தைக் கற்பித்துக்கொண்டால் இரண்டும் முரணின்றிப் பொருந்துகின்றன. ஆனால் இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு குறைவாக இருந்தது. அந்தச் சூழலே வெப்பநிலப் புற்களுக்குச் சாதகம். எனவே கரிச்சேறு காட்டும் புல் முழுவதையும் வறட்சிக் கணக்கில் எழுத முடியாது. ஆகவே மலைச்சான்று பலமானது, ஆனால் முடிவானது அல்ல.

மூன்றாவது காரணம் காலத்தின் நுணுக்கம். ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் படியும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் வில்லை 200 ஆண்டுகளின் சராசரி. சேற்றுக்குள் நெளியும் புழுக்கள் அதையும் மேலும் கீழும் கலக்கிவிடும். 2015இல் வடகிழக்குப் பருவமழை சென்னையை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே தமிழகத்தில் அது 62 சதவீதம் பொய்த்தது. இந்த இரண்டு ஆண்டுகளும் அத்தகைய சேற்றில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். சில புயல்களையும் சில தாழ்வு மண்டலங்களையும் நம்பி வாழும் மழை இது. ஓரிரு வாரங்களில் கண்மாய் நிறைவதும் நிறையாமல் போவதும் முடிவாகிவிடுகிறது. அந்தத் துள்ளலை ஆழ்கடல் சேறு பதிந்து வைப்பதில்லை.

கருவிகள் அன்றைவிட இன்று மேம்பட்டிருக்கின்றன என்பதும் உண்மை. கூட்டில் உள்ள மக்னீசியத்தின் அளவைக்கொண்டு கடல்வெப்பத்தைத் தனியே கணக்கிடும் முறை 1990இல் புழக்கத்தில் இல்லை. 2003இல் பல்லவி ஆனந்த், ஹாரி எல்டர்ஃபீல்ட், மோரீன் காண்டே ஆகியோர் வெளியிட்ட அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. வெப்பத்தின் குரலை இப்படிக் கழித்துவிட்டால் நன்னீரின் குரல் தெளிவாகக் கேட்கும். பழைய முடிவுகளை இதைக்கொண்டு மீண்டும் உரசிப் பார்ப்பதில் எந்த அவமரியாதையும் இல்லை.

5. கோதாவரியின் கதை வைகைக்குப் பொருந்துமா?

2006இல் எரிவாயு ஹைட்ரேட் தேடி ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ துளையிடும் கப்பல் இந்தியக் கடல்களுக்கு வந்தது. அந்தப் பயணத்தில் கோதாவரி முகத்துக்கு வெளியே எடுத்த மண்தூண் ஒன்றை ஆராய்ந்து கமிலோ பான்டன், லிவியு ஜியோசன் குழுவினர் 2012இல் கட்டுரை வெளியிட்டனர். ஆறு அடித்துக்கொண்டு வந்த இலைகளின் மெழுகு சேற்றில் தங்கியிருந்தது. அதன் கார்பனைக்கொண்டு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,700 ஆண்டுகளுக்கு முன்வரை தீபகற்பத்தில் வறட்சி தாங்கும் தாவரங்கள் படிப்படியாகப் பெருகின என்றும், அதன்பின் அந்நிலை நீடித்தது என்றும் அவர்கள் காட்டினர். மிகச் சிறந்த ஆய்வு. ஆற்றுச்சேறு வேகமாகப் படியும் இடமாதலால் காலக்கணக்கும் நுணுக்கமானது.

இந்தத் தேதிகளைப் பார்த்ததும் மதுரைக்காரர் மனம் கீழடிக்குத் தாவும். வைகைக் கரையில் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகப்படும் குடியிருப்பு, அந்த வறட்சிக் காலத்துக்குள் சரியாக விழுகிறது. தீபகற்பம் வறண்டதால் மக்கள் ஆற்றங்கரையில் திரண்டார்கள், அதனால் ஊர்கள் பெருகின என்று கதை கட்டுவது எளிது. அந்தக் கதையை ஏற்கலாகாது. கோதாவரியின் நீர்ப்பிடிப்பு தென்மேற்குப் பருவமழையின் மையநிலம். அங்கே வறண்டது கோடை மழை. வைகைச் சமவெளியில் பெய்வது முதன்மையாக வேறு மழை. ஒன்று மெலிந்தபோது மற்றொன்றும் மெலிந்தது என்று யாரும் நிறுவவில்லை. வைகையின் தலைப்பகுதி மலையில் இருப்பதால் கோடை மழைக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் கோதாவரியின் வறட்சிக் கணக்கைக் கீழடிமேல் ஏற்றுவது ஆய்வு ஆகாது.

கடலடி ஆய்வு இப்படிக் கோடை மழைப் பக்கமே சாய்ந்திருப்பது தற்செயல் அல்ல. 2006 பயணம் துளையிட்ட இடங்கள் கேரள-கொங்கணம், கிருஷ்ணா-கோதாவரி, மகாநதி, அந்தமான். 2014 நவம்பரில் பருவமழைக்கென்றே புறப்பட்ட 353ஆம் பன்னாட்டுத் துளைப் பயணம் மகாநதி முகத்தையும் அந்தமான் கடலையும் வங்கக்கடலின் ஆழத்தையும் எடுத்துக்கொண்டது. அதன் மண்ணிலிருந்து அருமையான கட்டுரைகள் வந்திருக்கின்றன. கௌஸ்துப் திருமலை குழுவினர் 2025இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் எழுதியது அவற்றில் ஒன்று. கோடை மழை மிக வலுத்தபோதும் மிக மெலிந்தபோதும் வங்கக்கடலின் மேல்நீரும் ஆழ்நீரும் கலப்பது குறைந்து, மீன்களுக்கு உணவாகும் நுண்ணுயிர் வளம் சரிந்தது என்று அது சொல்கிறது. மீனவர் வாழ்வை நேராகத் தொடும் முடிவு. ஆனால் இந்த இரண்டு பயணங்களிலும் தமிழகக் கரைக்கு வெளியே ஒரு துளையும் இடப்படவில்லை. கோடைக்காற்றின் இந்தியா விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. குளிர்காற்றின் தமிழகம் அந்த நூலில் ஓரக்குறிப்பாக நிற்கிறது.

6. வைகையின் வண்டல் எங்கே?

அப்படியானால் வைகை முகத்தில் குழாயை இறக்கலாமே என்றால், அங்கே இரண்டு தடைகள். வைகை கடலுக்கு அதிகம் கொடுக்காத ஆறு. அதன் நீரும் மண்ணும் வழிநெடுகக் கால்வாய்களிலும் கண்மாய்களிலும் பிரிந்து, எஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்கிறது. பெருவெள்ளத்தில் மட்டுமே ஆற்றங்கரை முகத்தை எட்டும். அடுத்தது, பாக் விரிகுடா ஆழமற்றது. பனியுக உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது அதன் தரை முழுக்க நிலம். இலங்கைக்கு நடந்து போகலாம். அந்தக் காலத்துக் கடற்சேறு அங்கே கிடைக்காது. தேட வேண்டிய இடம் மன்னார் வளைகுடாவின் ஆழச் சரிவும் காவிரி முகத்துக்கு வெளியே உள்ள சரிவும்தான்.

கரையில் இன்னொரு சாட்சி இருக்கிறது. கடலுக்குப் போகாத வைகையின் வண்டல், கண்மாய்களின் அடியில் கிடக்கிறது. வாடிப்பட்டிப் பக்கம் அதைக் கரம்பை என்பார்கள். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டியிலும் இப்போது டிராக்டரிலும் அள்ளி வயலில் கொட்டுவது காலங்காலமான வழக்கம். இன்று அரசு அனுமதியோடு விவசாயிகள் அதைக் கட்டணமின்றி எடுக்கலாம். அது நல்ல திட்டம். வயலுக்கு உரமும் கண்மாய்க்கு ஆழமும் கிடைக்கின்றன. அள்ளி அள்ளி மேலடுக்குகள் கலைந்துபோயிருக்கும் என்பதும் தெரிந்ததே. எனினும் அடியில் யாரும் தொடாத அடுக்குகள் இருக்கக்கூடும். அங்கே படிந்திருக்கும் மகரந்தமும் இலைமெழுகும், பெரியாற்று நீர் வருவதற்கு முன், இந்த மண்ணில் பெய்த மழையின் நேரடிக் கணக்கு. கடலைப்போல இரண்டு பருவங்களைக் கலந்து சொல்லாது, அல்லது குறைவாகவே கலக்கும்.

எனவே ஒரு வேண்டுகோள். தூர்வாரும் பட்டியலில் ஒரு பழைய கண்மாய் சேரும்போது, இயந்திரம் இறங்குவதற்கு முன் அதன் நடுப்பகுதியில் ஒரே ஒரு குழாய் மண்ணைச் சிதையாமல் எடுத்து, இடமும் ஆழமும் தேதியும் எழுதி, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். நீர்வளத் துறைப் பொறியாளரும் ஆயக்கட்டு விவசாயிகளும் மனம் வைத்தால் அது அரை நாள் வேலை.